சீட்டுப் போன மூட்டைகள்: அகழாய்வு நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அகழாய்வுக்கு அனுமதி கொடுக்கிறவர்களுக்கும், பணம் ஒதுக்குகிறவர்களுக்கும், குழிக்குப் பக்கத்தில் நின்று வேலை வாங்குகிறவர்களுக்கும்,

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய சத்துணவுக் கூடத்தைத் திறந்தார்கள். உள்ளே அறுபத்திரண்டு சாக்கு மூட்டைகள். எல்லாம் பானை ஓடு. பதின்மூன்று வருடத்துக்கு முன் எங்கள் மேட்டில் இரண்டு கட்டமாக நடந்த அகழாய்வில் எடுத்தவை. ‘தற்காலிகமாக’ என்று சொல்லி அங்கே வைத்தவை. கூரை உடைந்து மழை இறங்கியிருந்தது. அடியில் கிடந்த மூட்டைகள் கறையான் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்தன. தூக்கும்போது சாக்கு கிழிந்து ஓடு கொட்டியது. கொட்டியதைக் கூட்டி அள்ளி இன்னொரு மூட்டையில் போட்டார்கள். எது எந்த மூட்டையிலிருந்து விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

சீட்டு படிக்கிற நிலையில் இருந்த மூட்டைகள் இருபத்தைந்துக்குள் இருக்கும். அவற்றைக் குட்டியானையில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். சீட்டு மட்கிப்போன, எலி தின்றுவிட்ட மீதி மூட்டைகளைக் காட்டி வந்தவர் சொன்னார்: “இதை வச்சு இனிமே ஒண்ணும் பண்ண முடியாதும்மா. பழைய குழியிலேயே போட்டுப் புதைச்சிடலாம்னு மேல முடிவு பண்ணிட்டாங்க.” அதே நாள் சாயங்காலம் அதே ஆள் என் தம்பி வீட்டுக்கு வந்தார். மேட்டுக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஒன்றரை ஏக்கரில் அடுத்த கட்ட அகழாய்வு நடத்தச் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார்.

இந்த இரண்டும் வேறு வேறு வருடங்களில் நடந்திருந்தால் ஒருவேளை பேசாமல் இருந்திருப்பேன். ஒரே நாளில் நடந்ததால் எழுதுகிறேன்.

ஊர்ப் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். எழுதினால் யாரோ ஒருவருக்கு மெமோ போகும், அவர் வேறு ஊருக்கு மாறுவார், விஷயம் அத்தோடு முடிந்துவிடும். எனக்கு யார்மேலும் தனிக் கோபம் இல்லை. தோண்டுவதற்கு ஆள், பணம், பந்தல், பத்திரிகைக்காரர்கள் எல்லாம் வருகிறார்கள். தோண்டியதை எழுதி அச்சுக்குக் கொடுப்பதற்கு மட்டும் எதுவும் வருவதில்லை. இந்தப் பழக்கத்தைத்தான் கேள்வி கேட்கிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். மேட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்மாவோடு போனேன். அம்மாவுக்குப் பாண்டுச்சட்டியில் மண் சுமக்கிற வேலை, எனக்கு ஓடு கழுவுகிற வேலை. தொட்டியில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் காயப்போட வேண்டும். கீறல் எதுவும் தென்பட்டால் அழுத்தித் தேய்க்கக் கூடாது. மூன்றாவது வாரம் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுத உட்கார வைத்தார்கள். இடத்தின் சுருக்கப் பெயர், குழி எண், குழியின் நான்கு கால்பகுதியில் எது, மேலிருந்து எத்தனை சென்டிமீட்டர், எத்தனையாவது மண்ணடுக்கு, தேதி. மூட்டைக்குள் ஒரு சீட்டு, வெளியே வாயில் கட்டித் தொங்கவிட ஒரு சீட்டு. அந்த மூட்டைகளில் பாதிக்கு மேல் என் கையெழுத்துதான்.

போன மாதம் கறையான் மண்ணை உதிர்த்து ஒரு சீட்டுத் துண்டை எடுத்தேன். ‘ஆழம் 2’ என்பது வரைக்கும் இருந்தது. மீதி இல்லை. இருநூற்றுப் பத்தா, இருநூற்றுத் தொண்ணூறா, தெரியாது. அந்த 2க்கு நான் இழுத்துவிடுகிற வாலை மட்டும் அடையாளம் தெரிந்தது.

“சீட்டு போனா என்ன, ஓடு இருக்குல்ல” என்று எங்கள் வார்டு உறுப்பினர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஓட்டுக்குத் தனியாக வயது சொல்லத் தெரியாது. ஒரு தரைக்கு மேல் சாம்பல், சாம்பலுக்கு மேல் வெள்ளம் கொண்டுவந்த வண்டல், அதற்கு மேல் இன்னொரு தரை என்று மேடு உயர்ந்திருக்கிறது. ஓடு எந்தத் தரையில் கிடந்தது, பக்கத்தில் என்ன கிடந்தது என்பதில்தான் அதன் வயது இருக்கிறது. கரித்துண்டை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் அந்த மரம் எப்போது உயிரை விட்டது என்று சொல்வார்கள். அந்தக் கணக்கு ஓட்டுக்கும் பொருந்துமா என்பதை ஆய்வுக்கூடம் சொல்லாது. இரண்டும் ஒரே அடுக்கில் கிடந்தன என்று எழுதி வைத்த குறிப்புதான் சொல்லும். தோண்டி முடித்த பிறகு அந்த அடுக்கு உலகத்தில் எங்கேயும் இல்லை. பிரித்துப் போட்ட கோரைப்பாய் மாதிரி. கோரை கையில் இருக்கும், பாய் இருக்காது. நெசவு எப்படி இருந்தது என்பது குழி நோட்டிலும், வரைபடத்திலும், புகைப்படத்திலும், சீட்டிலும் மட்டும்தான் மிச்சம். அவையும் அறிக்கையாக வராவிட்டால், அரசாங்கச் செலவில் ஒரு மேட்டை அழித்திருக்கிறோம் என்றுதான் சொல்ல வேண்டும். வார்த்தை கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது கல்லூரி இல்லை, எங்கள் தெரு அத்தை ஒருவர். கைநாட்டுதான். குழிக்குள் அவர் சின்னக் கரண்டியால் சுரண்டிக்கொண்டே வருவார், திடீரென்று நிறுத்திவிட்டு, “சார், மண்ணு மாறுது” என்பார். பார்த்தால் எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கரண்டி எழுப்பும் சத்தம் மாறுகிறதாம். தண்ணீர் தெளித்துப் பார்த்தால் சரியாக அந்த இடத்தில் களிமண் மெழுகிய தரை ஒன்று தொடங்கியிருக்கும். இரண்டாம் கட்டம் முழுக்க அவரைக் கேட்காமல் ஆய்வாளர்கள் ஒரு அடுக்கையும் பிரித்ததில்லை. உறைகிணற்றின் முதல் உறை தென்பட்டதும் அவர் கரண்டியில்தான். இரண்டு வருடம் முன் இறந்துபோனார். அடிக்கடி என்னிடம் கேட்பார், “நாம தோண்டினதைப் பத்திப் புஸ்தகம் வந்துச்சாடி?” என்று.

வரவில்லை அத்தை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு முறை கேட்டேன். முதல் பதில், ‘அறிக்கை தயாரிப்பில் உள்ளது.’ ஐந்து வருடம் கழித்து வந்த இரண்டாவது பதில், ‘அறிக்கை தயாரிப்பில் உள்ளது.’ அடியில் இருந்த கையெழுத்து மட்டும் வேறு.

எங்கள் ஊர் சின்ன ஊர், அதனால்தான் இப்படி என்று முதலில் நினைத்தேன். படிக்கப் படிக்கப் பெரிய ஊர்களின் கதையும் அதுதான் என்று தெரிந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் 1963 முதல் 1973 வரை மத்தியத் தொல்லியல் துறை தோண்டியது. தமிழ் படித்த எவருக்கும் அந்தப் பெயரைச் சொன்னாலே மனசு குதிக்கும். அறிக்கை வந்தது 1994இல். ராஜஸ்தானின் காலிபங்கனில் 1960களில் தோண்டினார்கள். ஹரப்பாவுக்கு முந்தைய அடுக்கைப் பற்றிய தொகுதி 2003இல் வந்தது, ஹரப்பா காலத் தொகுதி 2015இல். அகழாய்வை நடத்தியவர்களில் ஒருவரான பி.கே. தாப்பர் 1995இலேயே காலமாகிவிட்டார். புத்தகத்தைப் பார்க்காமல் போனது எங்கள் அத்தை மட்டும் இல்லை.

ஆதிச்சநல்லூர் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1876இல் ஜெர்மனிக்காரர் யாகோர் வந்து தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை தொல்லியல் துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தோண்டிக்கொண்டிருக்கும்போதே துறையின் ஆண்டறிக்கையில் எழுதினார், 1915இல் பொருட்களின் முழுப் பட்டியலும் அச்சாகிவிட்டது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஆதிச்சநல்லூர் வெண்கலத்தைப் பற்றி இன்றைக்கு யார் பேசினாலும் அந்தப் பட்டியலைத்தான் புரட்ட வேண்டும். அதே பரம்பு மேட்டில் 2004இல் மறுபடி தோண்டினார்கள். இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகள் நூற்று அறுபதுக்கும் மேல் கிடைத்தன. நூறு வருடத்தில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, கேமரா கைக்குள் வந்துவிட்டது. ஆனால் இந்த முறை அறிக்கை வெளிவரப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆனது, அதுவும் உயர் நீதிமன்றம் வரை போன பிறகு. தோண்டியதை எழுதச் சொல்லி வழக்குப் போட வேண்டியிருக்கிறது என்பது உங்களுக்கு உறுத்தவில்லையா?

முடியாத காரியமும் இல்லை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில், அப்போது தொல்லியல் துறைத் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர் 1945இல் சில மாதங்கள் தோண்டினார். 1946 ஜூலையில் துறையின் இதழில் நூறு பக்கத்துக்கு மேல் அறிக்கை வந்துவிட்டது. அவரைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவருடைய முடிவுகளில் பல பிறகு நிற்கவில்லை. ரோமானியர்கள் வந்துதான் அந்த ஊர் ஊரானது என்கிற தோரணை அவர் எழுத்தில் இருந்தது. விமலா பெக்லி என்ற ஆய்வாளர் 1983இல் அந்த அறிக்கையை வரி வரியாகப் பிரித்துக் கேள்வி கேட்டார். பிறகு 1989 முதல் 1992 வரை தானே அங்கே தோண்டி, வீலர் சொன்னதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, பிறகும் வெகுகாலம் இருந்தது என்று எழுதினார். வீலர் அன்றைக்கு அச்சில் கொடுக்காமல் வைத்திருந்தால் பெக்லி எதை வைத்துச் சண்டை போட்டிருப்பார்?

கீழடி விவகாரத்தில் எனக்குப் புரியாததும் இதுதான். மத்தியத் தொல்லியல் துறைக்காக முதல் இரண்டு கட்டத்தை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணனை 2017இல் அசாமுக்கு மாற்றினார்கள். அவர் 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் கொடுத்தார். 2025 மே மாதம், அதில் கணித்திருந்த காலத்தைத் திருத்தி எழுதச் சொல்லித் துறையிலிருந்து கடிதம் போனது. அவர் கணித்த காலம் தவறாகவே இருக்கட்டும். அச்சிட்டுவிட்டு, தவறு என்று நினைப்பவர்கள் பின்னிணைப்பாக எழுதட்டுமே. படிக்கிறவர்கள் இரண்டையும் பார்த்து முடிவு செய்வார்கள். எழுதியவர் மேசைக்கும் மேலிடத்து மேசைக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருக்கிற காகிதத்தை யாரும் ஒப்புக்கொள்ளவும் முடியாது, மறுக்கவும் முடியாது. மாநிலத் தொல்லியல் துறை 2018இல் நடத்திய நான்காம் கட்டத்துக்கு 2019 செப்டம்பரில் புத்தகம் போட்டது. அதில்தான் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிம மாதிரிக்கு கி.மு. 580 என்று வந்தது. தமிழ்நாடு முழுக்க அந்த 580ஐக் கொண்டாடினோம். நான் அன்றைக்கு 353ஐத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாரோ ஒருவர் ஒரு சீட்டில் எழுதியிருப்பார்.

இந்த இடத்தில் நம் ஆட்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வருடம் அறிவிக்கிற அன்றைக்கு வாட்ஸ்அப் தாங்காது. சிவகளையில் இரும்பு கி.மு. 3345 என்று 2025 ஜனவரியில் சொன்னதும் என் வகுப்புப் பிள்ளைகள் கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டார்கள், எனக்கும் சந்தோஷம்தான். எந்தத் தாழி, எந்த அடுக்கு, எத்தனை மாதிரி என்று கேட்டால் ‘நீங்க எந்தப் பக்கம் டீச்சர்’ என்று பெரியவர்களே கேட்கிறார்கள். சரி, நாங்களும் பொறுப்புதான். மேடையில் வருடத்தை மட்டும் கேட்டுக் கைதட்டினால் மேடைக்காரர்கள் வருடத்தை மட்டும்தான் கொண்டுவருவார்கள். அப்புறம், மேட்டின் தெற்கு ஓரத்தில் வண்டல் அள்ளி வீடு கட்டியதும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். அதையும் மறைக்கப் போவதில்லை.

உங்கள் கஷ்டமும் தெரியாமல் இல்லை. எங்கள் மேட்டில் தோண்டியவர் இரண்டாம் கட்டம் முடிவதற்குள் மாற்றலாகிப் போனார். அவரோடு குழி நோட்டுகளும் போயின. அடுத்து வந்தவருக்கு மூட்டைகள் கிடைத்தன, நோட்டு கிடைக்கவில்லை. ஓடு வரைவதற்கு ஓவியர் பணியிடம் காலியாக இருக்கிறது என்றார்கள். நேரம் எடுப்பது தப்பென்றும் சொல்ல மாட்டேன். திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவிகளின் வயதை, சாந்தி பப்புவின் குழு 1999 முதல் தோண்டி, 2011இல்தான் பதினைந்து லட்சம் ஆண்டுகள் என்று அச்சில் சொன்னது. பன்னிரண்டு வருட உழைப்பு. அது சரி. எலிக்குக் கொடுத்த பதின்மூன்று வருடத்தை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆதிச்சநல்லூரில் 2023இல் கண்ணாடித் தரை போட்டு, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். காலுக்குக் கீழே தாழியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள், யாரும் சொல்லவில்லை. நல்ல காரியம் செய்தால் நாங்கள் பார்க்காமல் இல்லை.

இனி நான் கேட்பவை.

முதலில் அந்த முப்பத்துச் சொச்சம் மூட்டைகள். புதைக்காதீர்கள். வாய்ப்பகுதியும் கீறலும் உள்ள ஓடுகளில் மசியால் எண் எழுதி மேலே வார்னிஷ் பூசினோம். அந்த எண் இன்னும் அழிந்திருக்காது, நான் பார்த்தேன். குழி நோட்டைத் தேடிக் கொண்டுவந்து அந்த எண்களோடு ஒப்பிட்டால் பல மூட்டைகளுக்கு முகவரி கிடைத்துவிடும். எண் இல்லாத வயிற்றுப்பகுதி ஓடுகளை எண்ணி, எடை போட்டு, படம் எடுத்துவிட்டுப் புதைப்பது வழக்கம்தான் என்று தெரியும். அதை முறையாகச் செய்யுங்கள், எங்கே புதைத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். சீட்டு எழுதத் தெரிந்த இன்னும் இரண்டு பேர் ஊரில் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கூலி கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, முந்தைய கட்டத்தின் அறிக்கை அச்சில் வராமல் அதே இடத்தில் அடுத்த கட்டத்துக்கு அனுமதி தராதீர்கள். எங்கள் ஊருக்கு மட்டும் இல்லை, எல்லா ஊருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பணம் ஒதுக்கும்போதே வரைவதற்கும் எழுதுவதற்கும் அச்சிடுவதற்கும் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள், பந்தல் செலவில் அது கரையக் கூடாது. தோண்டியவரை மாற்றியே ஆக வேண்டுமென்றால், எழுதி முடிக்கிற வரைக்கும் அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். நோட்டுகளின் படியெடுத்த பிரதி இடத்தோடு இருக்கட்டும். இரண்டு வருடத்தில் சுருக்க அறிக்கை, ஐந்து வருடத்தில் முழு அறிக்கை, யாரும் இலவசமாகத் தரவிறக்கிப் படிக்கும்படி. முடிவில் கருத்து வேறுபாடு இருந்தால் அதையும் சேர்த்து அச்சிடுங்கள், நிறுத்தி வைக்காதீர்கள்.

சுருக்கத்தைத் தமிழில் எழுதி எங்கள் ஊர்ப்புற நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். என்ன கிடைத்தது என்று நிலம் கொடுத்தவர்களே செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்கிற நிலைமை இருக்கிறது, அதுவும் படம் வேறு ஊருடையதாக இருக்கும்.

அறிக்கையின் கடைசியில் குழியில் வேலை செய்தவர்களின் பெயர்களைப் போடுங்கள், வருகைப் பதிவேட்டில் எல்லாம் இருக்கிறது. கீழடியில் ஓர் ஓட்டில் ‘குவிரன் ஆதன்’ என்று கீறியிருந்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய அந்த ஆளின் பெயர் பாடப் புத்தகம் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதை மண்ணிலிருந்து எடுத்தவர் பெயர் யாருக்குத் தெரியும்?

கடைசியாக, மேட்டில் ஒரு பகுதியைத் தொடாமல் விட்டுவைப்பது என்று இப்போதே வரைபடத்தில் குறித்துவிடுங்கள். இன்றைக்கு நமக்குத் தெரியாத வழிகள் இன்னும் ஐம்பது வருடத்தில் வரும். அப்போது தோண்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும்.

சம்மதப் படிவம் என் தம்பி வீட்டில் காலண்டருக்குப் பின்னால் செருகி இருக்கிறது. அவன் நிலம் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. முதல் இரண்டு கட்டத்தின் அறிக்கையை அவன் கையில் கொடுக்கிற அன்றைக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவான். அத்தை மகனுக்கும் ஒரு பிரதி கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
மேட்டில் சீட்டு எழுதியவள்